முருகைக்கல் தொட்டியும் சூரிய ஒளியும்

தக்காளிக் கன்றுக்கு வெயில் இன்றியமையாதது. ஆயினும் நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்ட அன்றே அதனை உச்சி வெயிலில் விட்டுவிடுவார் எவருமிலர். கிடுகையோ வாழை மடலையோ கொண்டு சில நாள் நிழல் கொடுத்து, வேர் பற்றிய பின்னரே நிழலை அகற்றுவர். கடல் மீனும் உயிருள்ள முருகைக்கல்லும் வளர்க்கப்படும் கண்ணாடித் தொட்டிக்கும் இவ்வறிவே முதலில் வேண்டப்படுவது. திகன, குண்டசாலை, தெல்தெனிய முதலிய இடங்களில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் வீட்டில் இத்தகைய தொட்டியொன்று இருப்பின், மின்விளக்குக்குப் பதிலாகச் சூரிய ஒளியைப் பயன்படுத்தலாமோ என்னும் கேள்வி எழுதல் இயல்பே. பயன்படுத்தலாம், ஆனால் ஒளியோடு வெப்பமும் வரும் என்பதை மறத்தலாகாது.

முருகைக்கல் என்பது பார்வைக்குக் கல்லாயினும், மிகச் சிறிய பிராணிகள் கூட்டமாய் வாழும் உறைவிடம் ஆகும். அப்பிராணிகளின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை அல்காக்கள் வாழ்கின்றன. நெற்பயிரின் இலை எவ்வாறு ஒளியைக் கொண்டு மாப்பொருளை ஆக்குகின்றதோ, அவ்வாறே இவ்வல்காக்களும் உணவை ஆக்கி, அதிற் பெரும் பங்கைத் தமக்கு இடமளித்த பிராணிக்குக் கொடுக்கின்றன. ஆகவே ஒளி குன்றின் முருகைக்கல் மெலியும்.

சூரிய ஒளியில் முருகைக்கல் வளர்த்தல் புதிய முயற்சியன்று. இந்தோனேசியாவின் யாக்கர்த்தா நகரில் லீ சின் எங் என்பார், கடலிலிருந்து உயிருள்ள கற்களை எடுத்துத் தொட்டியிலிட்டு, காற்றுக் குமிழியும் சூரிய ஒளியும் அன்றி வேறு கருவி எதுவுமின்றி அவற்றைப் பேணினார். தம் முறையை 1961 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் அவர் விளக்கினார். யாக்கர்த்தா மத்திய கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 6 பாகையிலும், திகன வடக்கே ஏறக்குறைய 7 பாகையிலும் உள்ளன. குளிர்நாட்டில் மாரிகாலத்துப் பகல் மிகக் குறுகுவதால் அங்குள்ளோர் விளக்கை நம்பியிருத்தல் வேண்டும். திகனவிலோ டிசெம்பர் மாதப் பகலுக்கும் யூன் மாதப் பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடு தானும் இல்லை.

இந்நன்மையே தீமையாவதும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னரும், செப்டெம்பர் முதல் வாரத்திலும், நண்பகற் சூரியன் திகனவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அக்காலத்துத் தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 1,000 உவாற்று ஆகும். 100 இலீற்றர் நீர் கொண்ட தொட்டியின் மீது அரைச் சதுர மீற்றர் அளவு வெயில் விழுந்து, அவ்வெப்பம் முழுவதும் நீரிலே தங்குமாயின், ஒரு மணித்தியாலத்தில் நீரின் வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். ஒரு பகுதி வெப்பம் வெளியேறுமாதலால் உண்மையில் உயர்வு இதனிற் குறையும். எனினும் முருகைக்கல் அத்துணை வெப்பத்தைப் பொறாது. கடலில் வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை உயர்ந்து சில கிழமைகள் நீடித்தாலே, அது தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெண்ணிறமாகிவிடும். கடுமையான வெயிலும் உடனிருப்பின் கேடு மிகும். 1998 ஆம் ஆண்டில் ஹிக்கடுவைக் கடலில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தமைக்கு நீரின் மிகு வெப்பமே காரணம். பரந்த கடலிலேயே அவ்வாறாயின், ஒரு பீப்பாயை நிரப்பவும் போதாத நீருள்ள தொட்டியின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆதலின் கிழக்கு நோக்கிய யன்னலருகே தொட்டியை வைத்து, காலை வெயிலை இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம் விழச்செய்தல் நன்று. மேற்கு வெயில் ஆகாது. நண்பகலில் நாற்றுமேடைக்குக் கட்டும் நிழல் வலையையே யன்னலுக்கும் கட்டலாம். அதுகாறும் விளக்கொளியில் இருந்த முருகைக்கல்லை முதல் நாளிலேயே வெயிலுக்குக் காட்டாது, அரை மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைகளில் நேரத்தைக் கூட்டுதல் வேண்டும். வெப்பமானி ஒன்றைத் தொட்டியிலிட்டு, பிற்பகல் இரண்டு மணியளவில் நாள்தோறும் பார்க்கவேண்டும். 28 பாகையைத் தாண்டுமாயின் நிழலைக் கூட்டுக. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றவேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

வெயில் முருகைக்கல்லை மாத்திரம் வளர்ப்பதன்று. நீரிற் பசளைச் சத்து இருப்பின் பச்சைப் பாசியும் விரைந்து வளர்ந்து கற்களை மூடிவிடும். யூரியா இடப்படும் மரக்கறிப் பாத்தியை அடுத்த கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் கூடும். அந்நீரைத் தவிர்த்தல் நலம். பாசி பகலில் ஒட்சிசனை வெளிவிட்டாலும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஒட்சிசனை உட்கொள்ளும். மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. இரவில் காற்றுக் குமிழியை நிறுத்துவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் ஓர் இரவிலேயே தொட்டி முழுவதும் அழிந்துபோதல் கூடும்.

தக்காளி வெளிறல் நோய்க்குத் தெளிக்கும் செப்புக் கலவை, மிகச் சிறிதளவு கலந்தாலும் முருகைக்கல்லைக் கொல்லும். மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தொட்டியிற் கை வைத்தலாகாது. தெளிக்கும் வேளையில் அப்பக்கத்து யன்னலைச் சாத்திவிடுக. உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தல் இலங்கையிற் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. எங்கிருந்து வந்தது என்று கேட்டறியாமல் வாங்குதலும் தவறே.

இனி, கமக்காரர் பலர் கவனியாத ஒன்று உண்டு. நன்னீர் மீன் தொட்டியின் கழிவுநீர் கத்தரிக்கும் கீரைக்கும் நல்ல உரம். அப்பழக்கத்தால் கடல்மீன் தொட்டியின் நீரையும் பாத்தியில் ஊற்றிவிடுவர். கடல் நீரின் ஓர் இலீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கிழமைக்கு 10 இலீற்றர் நீர் மாற்றுபவர், ஓராண்டில் 18 கிலோகிராம் உப்பை வெளியேற்றுகின்றார். போஞ்சி உப்பைச் சற்றும் பொறாத பயிர். நெல்லும் நாற்றுப் பருவத்தில் உப்பினால் எளிதிற் கருகும். அந்நீரைப் பாத்தியிலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாது, பயிர்நிலத்துக்குச் செல்லாத வடிகாலில் மிகுந்த நீர் கலந்து விடுதல் வேண்டும்.