சாவி தரும் தளமும் சரிபார்க்கும் முறையும்

இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் இன்று கணினி வாயிலாக நடைபெறுகிறது. வியாபாரிகள் மூட்டை முழுவதையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. சிறு மாதிரியைக் கையிலெடுத்து, நிறத்தையும் பருமனையும் நோக்கி விலை கூறுகின்றனர். மாதிரியும் மூட்டையும் ஒன்றே என்னும் நம்பிக்கையே இவ்வியாபாரத்திற்கு அடிப்படை. மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் அமையுமாயின் விளைவு யாது? இணையத்தில் அத்தகைய மோசடி உண்மையாகவே நிகழ்ந்துள்ளது.

பிட்காயின் முதலிய நாணயங்களைத் தம் கையிலேயே வைத்திருப்போருக்கு வங்கியும் இல்லை. கணக்குப் புத்தகமும் இல்லை. அவர்களுடைய உடைமை முழுவதும் 'அந்தரங்கச் சாவி' எனப்படும் ஓர் எண்ணையே சார்ந்துள்ளது. 78 இலக்கங்கள் வரை நீளக்கூடிய அவ்வெண்ணை அறிந்தவர் எவரும் நாணயத்தை எடுத்துச் செல்லலாம். எடுத்தபின் மீட்பது மிக அரிது. ஆதலின், எவராலும் ஊகிக்க இயலாதவாறு அவ்வெண் தோன்றுதல் இன்றியமையாதது. இப்பணியைச் செய்து தருவதாகக் கூறும் தளங்கள் பல.

அவற்றுள் ஒன்று வாலட்ஜெனரேட்டர். அதன் நிரல், எவரும் படித்தறியுமாறு கிட்ஹப் என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2019 மே மாதத்தில் மைகிரிப்டோ நிறுவனத்து ஆய்வாளர்கள் அதனையும், தளம் பயனாளருக்கு உண்மையில் அனுப்பிய நிரலையும் ஒப்பிட்டனர். இரண்டும் வேறுபட்டிருந்தன. பொது நிரலால் 1,000 சாவிகளைத் தோற்றுவித்தபோது ஆயிரமும் வெவ்வேறாக இருந்தன. தளத்தின் வாயிலாகத் தோற்றுவித்தபோது 120 மட்டுமே வெவ்வேறானவை. நேர்மையான முறையில் இரு சாவிகள் ஒத்திருப்பதுகூட நடைமுறையில் நிகழாத ஒன்றாகும். இதற்கு முந்தைய ஆண்டில், அயோட்டா நாணயத்துக்குச் சாவி தந்த ஒரு தளத்தின் வாயிலாகவும் இவ்வாறே களவு நிகழ்ந்தது. 85க்கு மேற்பட்டோர் சுமார் 1 கோடி யூரோ இழந்ததாக யூரோபோல் 2019இல் அறிவித்தது.

நிரல் மாற்றப்பட்டுள்ளதா என்பதை அறிய விஞ்ஞானம் தரும் கருவி 'ஷா-256' எனப்படும் கணக்கீடு. எவ்வளவு பெரிய கோப்பாயினும், இக்கணக்கீடு அதனை 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் உடன் வரும் சர்ட்யூட்டில் என்னும் கருவியாலேயே இதனைக் கணக்கிடலாம். நிரலை இறக்கிக்கொண்டு, அதன் முத்திரையை ஆக்கியோர் வெளியிட்ட முத்திரையுடன் ஒப்பிட்டு, பின்னர் இணையத் தொடர்பைத் துண்டித்த கணினியில் இயக்குவதே முறை.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. கோப்பும் முத்திரையும் ஒரே தளத்திலிருந்து பெறப்படின், தளத்தைக் கைப்பற்றியவன் இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடுவான். எனவே முத்திரையை வேறு வழியில் பெறுதல் வேண்டும். முத்திரை ஒத்திருப்பது கோப்பு மாறவில்லை என்பதையே காட்டும். ஆக்கியவர் நேர்மையானவர் என்பதைக் காட்டாது. உலாவியில் தோன்றும் பூட்டுக் குறியோ, வழியில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்துகாட்டலாம். ஒரு வாக்கியத்துக்கு முத்திரை கணக்கிட்டு, ஒரு புள்ளியை மட்டும் நீக்கி மீண்டும் கணக்கிடச் செய்தால், மாணவர் கண்ணெதிரே உண்மை விளங்கும். களப்பணியாளர்கள், தோட்டத் தொழிலாளரிடத்து ஒன்றை வலியுறுத்துதல் நலம்: பிறர் ஆக்கித் தந்த சாவி, பிறரிடமும் இருக்கக்கூடிய சாவியே. ஏமாற்றப்பட்டோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

மாதிரியை மட்டும் பார்த்து மூட்டையை வாங்குவோர், வீட்டிற்குச் சென்றபின்னரேனும் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கின்றனர். சாவியைப் பொறுத்தவரை அவிழ்த்துப் பார்க்கவேண்டிய காலம் பணம் இடுவதற்கு முன்னரேயாகும்.