துடைத்து வைத்த தூண்டில் றீல் ஏன் ஒரு கிழமையில் இறுகுகிறது?

மாதகல் கடலில் தூண்டில் போட்டுவிட்டுச் சண்டிலிப்பாய்க்கு வருகிறீர்கள். றீலைத் துடைத்து அலுமாரியில் வைக்கிறீர்கள். ஒரு கிழமை கழித்துச் சுற்றினால் கரகரக்கிறது. உள்ளே துரு. துருப்பிடிக்கத் தண்ணீர் வேண்டுமே, அலுமாரிக்குள் அது எப்படி வந்தது?

மாரி காலத்தில் குசினி உப்புப் போத்தலைப் பாருங்கள், கசிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். றீலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. தங்கூசியோடு ஏறிவந்த கடல்நீர் காய்ந்தாலும் உப்பு பெயாரிங்கில் தங்கிவிடும். ஈரக்காற்றில் அது கசிய, உருக்குக் குண்டுகள் துருப்பிடிக்கும்.

பெயிற்காஸ்டிங் றீலுக்கு இது பெரிய அடி. எறியும்போது அதன் நூற்சுருளே சுழல வேண்டும். பெயாரிங் இறுகினால் எறிதூரம் குறையும்.

ஆகவே, வந்த அன்றே, மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். உவர்க் கிணற்று நீர் வேண்டாம், பிடித்து வைத்த மழைநீர் அருமை. குழாயால் வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்துங்கள்.

கரகரப்பு வந்துவிட்டதா? பக்கமூடியைக் கழற்றி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அங்கே கிறீஸ் பூசினால் சுருள் மந்தமாகும். பற்சக்கரத்துக்கோ கிறீஸ்தான் வேண்டும். எண்ணெய் அதில் நிற்காது.

கைபிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளைப் பெயாரிங்கில் மட்டும் மிகக் கவனம். கிறீஸ் கூடினால் உருளைகள் வழுக்கி, மீன் இழுக்கும் நேரத்தில் கைபிடி பின்னால் பாயும்.