உங்களுக்குத் தெரியுமா? மரச்சிலந்திக்கு உயரமான பெட்டி

மாங்குளத்தில் 2009இல் கிடைத்த டரன்டுலா சிலந்தி, 2012இல் ‘போசிலோதீரியா ராஜேயி’ எனப் பெயர் பெற்றது. காலை விரித்தால் 20 சென்டிமீற்றர் வரும்! பழைய மரப்பொந்துதான் அதன் வீடு. மரங்கள் குறையக் குறைய, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதிக்குள்ளும் புகுந்துவிட்டது.

இதுபோல் மரத்தில் வாழும் சிலந்திகளை வளர்ப்போர் உயரமான பெட்டியில் மரப்பட்டையை நிமிர்த்தி வைப்பார்கள். நிலத்தில் வாழும் தென்னமெரிக்கக் கோலியாத் சிலந்திக்கு நேர்மாறு: உயரம் குறைவாக, தோண்டுவதற்கு ஆழமான மண். ஏனெனில் கோலியாத் இரண்டு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து செத்துப்போகலாம்.

கொள்ளுப்பிட்டி மாடிவீட்டில் வளர்க்க, காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்து வரலாமா? தயவுசெய்து வேண்டாம். போசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளது. அதற்காக வாதாடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று.