பல வண்டிகளின் பாகங்கள், ஒரே டிரக்

முன் டயர்கள் ஒரு கம்பெனி, பின் டயர்கள் வேறொரு கம்பெனி. இடப்பக்க ஷாக் அப்சார்பர்கள் கறுப்பு, வலப்பக்கம் மஞ்சள். மேலே இருக்கும் கூடு செவர்லே பிக்கப். கீழே இருக்கும் சட்டத்தையோ எந்தக் கம்பெனியும் விற்றதில்லை. யாரோ அலுமினியத் தகட்டை அறுத்துத் துளை போட்டுச் செய்தது. இப்படிப்பட்ட ரேடியோ கண்ட்ரோல் டிரக்குகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய பொருள் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படும். பார்ப்பவர் காயலான் கடைச் சரக்கு என்று நகர்ந்துவிடுவார். விஷயம் தெரிந்தவர் குனிந்து வண்டியைத் தூக்கி, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பார். அடியில் இருக்கும் அச்சுகள் டாமியாவின் கிளாட் பஸ்டருடையவை என்றால், அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வராது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மரத் தொழிலில் தொடங்கிய டாமியா, பின்னர் மாதிரி வண்டிகளுக்கு மாறியது. 1976-இல் போர்ஷே 934 என்ற தன் முதல் ரேடியோ கண்ட்ரோல் காரை வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ராட்சத டயர் டிரக்குகளின் மோகம் கிளம்பியது. மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் 1981-இல் தன் 'பிக்ஃபுட்' டிரக்கைப் பழைய கார்கள் மீது ஏற்றி நசுக்கிக் காட்டியதும் கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் சேர்ந்தார்கள். அந்த ரசிகர்களுக்காக 1987-இல் டாமியா கொண்டுவந்ததுதான் கிளாட் பஸ்டர். முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார்; நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும்; சக்கரத்துக்கு இரண்டாக எட்டு ஷாக் அப்சார்பர்கள்.

மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் அச்சோடு சேர்ந்தே இருப்பதால், அந்த இரண்டு அச்சுகளையும் எந்தச் சட்டத்திலும் மாட்டிவிடலாம். அதனால்தான் இந்த வண்டியை ஆளுக்கொரு விதமாக மாற்றினார்கள். பாறை ஏறும் போட்டிகள் தொடங்கிய காலத்தில் பலரும் கிளாட் பஸ்டரின் அச்சுகளைக் கழற்றித்தான் தங்கள் வண்டிகளைக் கட்டினார்கள். ஒட்டுப்போட்ட டிரக்குகள் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அந்த வசதிதான் காரணம்.

அப்படியொரு டிரக்கைச் சீர்செய்யும் வேலை திருப்புளியில் தொடங்குவதில்லை, பார்ப்பதில் தொடங்குகிறது. எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது? எது பொருந்தி உட்கார்ந்திருக்கிறது, எது வலுக்கட்டாயமாகத் திணிக்கப்பட்டது? இதைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஸ்க்ரூக்கள். ஜப்பானிய வண்டிகளில் மில்லிமீட்டர் மரை; 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் மரைக்கு மரை 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. 1984-இல் வந்த ஆர்சி10 போன்ற பழைய அமெரிக்க வண்டிகளில் அங்குலக் கணக்கு. ஏறக்குறைய அதே தடிமனுள்ள ஸ்க்ரூவில் இடைவெளி 0.635. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு சிக்கும். விடாமல் முறுக்கினால் மரை போய்விடும். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையிலுள்ள கூட்டல் குறிப் பள்ளமும் சற்று வேறு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளி அதிலிருந்து நழுவி, பள்ளத்தை உருண்டையாக்கிவிடும். அதற்கென்றே உள்ள ஜப்பானிய அளவுத் திருப்புளிதான் தேவை. இறுகிப்போன ஸ்க்ரூவின் தலையில் சாலிடரிங் அயர்ன் முனையைச் சிறிது நேரம் வைத்தால், உள்ளேயிருக்கும் பசை இளகிக் கழன்று வரும்.

அடுத்தது சர்வோ, அதாவது சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி. அதன் தண்டில் பற்கள் உண்டு. அந்தப் பற்களில்தான் சர்வோவின் கை எனப்படும் சிறு பட்டை பொருந்தும். ஃபுடாபாவில் 25 பற்கள், ஹைடெக்கில் 24, சான்வாவில் 23. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாற்றுக் கம்பெனியின் கையை அழுத்தி மாட்டி மேலே ஸ்க்ரூ போட்டால், மேசைமேல் இருக்கும்வரை நன்றாகத் திரும்பும். சக்கரம் கல்லில் முட்டியதும் பற்கள் மழுங்கி, கை வழுக்க ஆரம்பிக்கும். ஒட்டுவேலை செய்த டிரக் நேராகப் போக மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆனால் வண்டியை முன்பு வைத்திருந்தவர் செய்த மாற்றம் எல்லாமே பிழை அல்ல. அசல் கிளாட் பஸ்டரில் சர்வோ சட்டத்தில் இருக்கும். அங்கிருந்து நீண்ட கம்பிகள் அச்சுக்குப் போகும். அச்சு மேலும் கீழும் ஆடும்போது கம்பி இழுபட்டு, யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும். இதைத் தவிர்க்கச் சர்வோவை அச்சின் மேலேயே மாட்டுவது ரசிகர்கள் கண்டுபிடித்த நல்ல வழி. வாங்கிய வண்டியில் அப்படி இருந்தால், அதை அசலுக்கு மாற்றுவது வண்டிக்குச் செய்யும் கெடுதல்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் கலப்புக்கு இடமில்லை. முன்னும் பின்னும் வேறு வேறு வேகமுள்ள மோட்டார்கள் இருந்தால், ஒன்று இழுக்க மற்றது அதற்குச் சுமையாகும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு பல்சக்கரப் பெட்டிகளும் ஒரே வார்ப்பு. ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் இருக்கிறது. ஆகவே வண்டி முன்னே போக, இரு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். பந்தயத்துக்காக ஒரு திசையில் மட்டும் வேகமாகச் சுழலும்படி அமைத்த மோட்டாரை ஜோடியாகப் போட்டால்கூட, இரண்டில் ஒன்று பின்தங்கும். இரு திசையிலும் ஒரே வேகம் தரும் ஒரே ரக மோட்டார்கள் இரண்டு வாங்குவதே சரி.

பிளாஸ்டிக்கிலும் ரகம் பார்க்க வேண்டும். கிளாட் பஸ்டரின் கூடு கெட்டியான ஏபிஎஸ்; வண்ணம் வெளிப்புறம் அடிப்பார்கள். பழைய வண்ணத்தை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் பட்டால் கூடே உருகும். பந்தய வண்டிகளின் மெல்லிய கூடு பாலிகார்பனேட். அதற்கு உட்புறம்தான் வண்ணம், அதுவும் வளைந்தாலும் உதிராத தனி வண்ணம். நைலான் பாகங்களில் பசை ஒட்டாது. ஆனால் காய்ந்து உடையும் நிலையிலுள்ள நைலானைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால், ஈரத்தை உறிஞ்சி மறுபடி வலுப்பெறும். அரிசி ஊறி விறைப்புத் தளர்வதைப் போல அதன் முறுகலும் குறையும்.

மின்சாரத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்த வண்டிகள் பிறந்த காலத்தில் 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிதான் இருந்தது. இன்று பலரும் லித்தியம் பாலிமர் போடுகிறார்கள். அதன் ஒவ்வொரு செல்லும் நிறைந்தால் 4.2 வோல்ட்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டு, உப்பி, சார்ஜ் செய்யும்போது தீப்பிடிக்கவும் கூடும். பழைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு அந்த எல்லை தெரியாது. பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடும். அந்தக் கருவியை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றக் கூடாது. தோல் உரிந்த வயர், கருகிய பிளக் எதையும் டேப் சுற்றி ஓட்டாமல் புதிதாகச் சாலிடர் செய்ய வேண்டும்.

கிளாட் பஸ்டரை டாமியா மறுபடியும் தயாரித்து வெளியிட்டதால், பல்சக்கரங்களும் அச்சுப் பாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அந்தக் கால வண்டிகளில் செலவைக் குறைக்க வைத்த பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டால், அதே மோட்டாரில் வண்டி லேசாக ஓடும். அலுமினியச் சட்டம் கோணாமல் நேராக இருந்தால், அதைத் தூக்கி எறியக் காரணமே இல்லை. அதை அறுத்தவர் கைவேலை தெரிந்தவர். அந்த வேலைக்கு மரியாதை கொடுத்து, துளைகளில் சரியான அளவு போல்ட் போட்டு முறுக்கினால் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை உடனே தரையில் விடக் கூடாது. சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்படி ஒரு கட்டைமேல் வைத்து, ரிமோட்டை மெல்ல அழுத்த வேண்டும். முன்சக்கரம் முன்னாலும் பின்சக்கரம் பின்னாலும் சுழன்றால், ஒரு மோட்டாரின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். நான்கும் ஒரே பக்கம் சுழன்றால் வெளியே கொண்டுபோய், சில நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தி, இரண்டு மோட்டார்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், அந்த அச்சில் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பல்சக்கரம் உரசுகிறது. பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே சூடு என்றால், தளர்ந்த ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிவிட்டு மீதிப் பேட்டரி தீரும்வரை ஓட்டலாம்.