காய்ச்சலுக்கு யாரும் ஊர் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு 'பதிவு' வேண்டும்!

மண்டபம் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு இல்லை

ராமநாதபுரம்,

காய்ச்சல், தலைவலி என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'நீ எந்த நாடு?' என்று யாரும் கேட்பதில்லை. சீட்டுப் போட்டு, ஊசி குத்தி, மாத்திரை கொடுத்து அனுப்பி விடுவார்கள்.

ஆனால் இருதய ஆபரேஷன், சிறுநீரக வைத்தியம் என்று செலவு லட்சத்தைத் தொட்டால் சங்கதியே வேறு. 'காப்பீட்டு அட்டை இருக்கா?' என்பதுதான் முதல் கேள்வி!

மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த அட்டை கிடைக்குமா? கிடைக்கும். பல பேருக்கு இது தெரியாது.

ஆண்டுக்கு ரூ.5 லட்சம்

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. இப்போது ஒரு குடும்பம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அரசு ஆஸ்பத்திரி மட்டும் அல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும்.

உள்ளூர்க்காரர் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

முகாமில் வசிக்கும் இலங்கை அகதிகளுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. இந்தியக் குடியுரிமையும் தேவை இல்லை.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? முகாம் பதிவைத்தான்! 'நீங்கள் எந்த நாட்டுக்காரர்?' என்பது அல்ல, 'உங்க பேர் பதிவில் இருக்கா?' என்பதே இங்கே கேள்வி. குடும்ப அட்டையிலும் பேர் இருக்க வேண்டும். கைக்குழந்தை, கல்யாணம் ஆகி வந்த மருமகள் என்று யார் பேர் விட்டுப் போனாலும் ஆபத்து நேரத்தில் அலைச்சல்தான்.

வெளியே இருப்பவர்கள்

1983 கலவரத்துக்குப் பின் இந்தக் கரைக்கு அகதிகள் அலை அலையாக வந்தார்கள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, போலீசில் பதிவு செய்துகொண்டு வசித்தவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர்.

வருமான வரம்பு இல்லை என்ற சலுகை 'முகாமில் வசிப்பவர்களுக்கு' என்றுதான் எழுதப்பட்டு இருக்கிறது. ஒரே படகில் வந்த அண்ணன் முகாமிலும் தம்பி வாடகை வீட்டிலும் இருந்தால், அண்ணனுக்குச் செல்லும் சலுகை தம்பிக்குச் செல்லாது!

2015 என்ற கோடு

2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் ஜனங்கள் திண்டாடியபோது மறுபடியும் படகுகள் வந்தன. தனுஷ்கோடி பக்கம் மணல் திட்டில் குழந்தை குட்டிகளோடு இறங்கினார்கள். முதலில் வந்தவர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. பிறகு தமிழக அரசு மண்டபம் முகாமில் இடம் கொடுத்தது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-ந்தேதி வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்கிறது அது. 2022-ல் வந்தவர்கள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். முகாமில் கூரை கிடைப்பது ஒன்று, சட்டப்படி பதிவு கிடைப்பது இன்னொன்று.

மண்டபத்தில் இருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 40 கிலோமீட்டர். நெஞ்சு வலி வந்தவரை 108 வண்டி கொண்டு வந்து சேர்த்து விடும். அட்டையைக் கொண்டு வந்து சேர்க்காது!

ஆகவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிவைச் சரிபார்த்து அட்டை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். வருவாய்த் துறையும் காப்பீட்டு மையமும் மாதம் ஒரு நாள் முகாமுக்கே வந்து விட்டுப்போன பேர்களைச் சேர்த்தால் ஏழை ஜனங்களுக்குப் பஸ் செலவாவது மிச்சம்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?