இடுப்பளவுக்கும் குடல் பாலிப்புக்கும் என்ன தொடர்பு?

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏறத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பவர்களுக்கு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் வேலை. அதே காய் ஊருக்குள் வந்ததும் வேலை வேறாகிவிடுகிறது. 8 எம்.எம். காய் தனி, சிறுகாய் தனி, வெடித்தது தனி என்று தரம் பிரிப்பவர்களும், கணினித் திரை முன் ஏலம் கேட்கும் வியாபாரிகளும் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். உடல் அசையாத வேலை, அரிசிச் சாப்பாடு, அடிக்கடி சர்க்கரை போட்ட டீ என்று வருடங்கள் போனால் முதலில் கூடுவது இடுப்பளவு.

அது பெருங்குடலையும் தொடும் விஷயம்.

பெருங்குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிதான் பாலிப். வலிக்காது, பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதுமில்லை. மாறுகிற சிலவற்றுக்கும் பத்தாண்டு அளவில் பிடிக்கும்.

வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், செல்களைப் பெருகவும் தூண்டும். குடல் உள்சுவரோ சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். அங்கே இந்தத் தூண்டுதலோடு கொழுப்பு கிளப்பும் அழற்சியும் சேர்ந்தால் பாலிப் முளைக்கும் வாய்ப்பு கூடுகிறது. தொப்பை, சர்க்கரை, பிரஷர் போன்றவை சேர்ந்து வரும் வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடம் பாலிப் அதிகம் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத இதே கோளாறோடு தொடர்புடையதுதான் நீரிழிவும். அதனால் தமிழ்நாட்டுக்கு இது தள்ளிவைக்கக்கூடிய சேதி அல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவே எல்லை; அதைத் தாண்டினால் ஆபத்து கூடும். தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கான கேள்விப் படிவமும் இடுப்பளவைக் கேட்கிறது. ஆனால் அத்திட்டம் பரிசோதிக்கும் புற்றுநோய்கள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுதான். பெருங்குடல் அதில் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவர் நோயாளிதான். மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்தான்' என்று நாட்டு மருந்தோடு விட்டுவிடுவது நம் ஊர்களில் வழக்கம். அப்படி ரத்தம் கண்டவர், சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் இருப்பவர், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர், காரணமின்றி ரத்தச்சோகை வந்தவர் ஆகியோர் கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அந்தப் பரிசோதனையின்போதே பாலிப்பை அகற்றிவிட முடியும். புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்புகளை அப்படி அகற்றியவர்களிடம் குடல் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட 53 சதவீதம் குறைந்திருந்ததாக 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது.