தப்பிப் பிழைத்த ஊமைச் சிரிப்பு

‘ஜமாய் பாபு’, 1931
வங்காள ஊமைக் குறும்படம். இயக்கம்: காளிபத தாஸ்

பட்டிக்காட்டு மாப்பிள்ளை கோவர்த்தன் கல்கத்தாவில் உள்ள மாமனார் வீட்டுக்கு வந்து படாத பாடு படுகிறான். வசனம் இல்லை, முழிப்பதும் விழுவதும் ஓடுவதுமே நகைச்சுவை. இயக்குநரே நாயகன். கேமரா வெளியே போனதால் அன்றைய நகரமும் பதிவாகிவிட்டது.

அதே ஆண்டில் ‘ஆலம் ஆரா’வும் ‘காளிதாஸ்’உம் பேசத் தொடங்கின, ஊமைப்படங்களுக்கு மவுசு போயிற்று. இந்தியாவில் உருவான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் மிகச் சிலவே இன்று உள்ளன. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான, நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’கூட மிஞ்சவில்லை. நைட்ரேட் சுருள் சட்டெனத் தீப்பற்றும். வெக்கையில் பிசுபிசுத்துப் பொடியாகும். அதற்கெல்லாம் தப்பிய ‘ஜமாய் பாபு’வைப் புணேயிலுள்ள இந்திய தேசியத் திரைப்படக் காப்பகம் பாதுகாக்கிறது.

சேகரிப்பாளர்கள் இத்தகைய சுருள்களைத் தேடி அலைவது வீண்போவதில்லை. சாப்ளின் தோன்றும் ‘எ தீஃப் கேட்சர்’ (1914), அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பழம்பொருள் விற்பனையில் வாங்கிய 16 மி.மீ. சுருளில் கிடைத்தது, 2010இல் மீண்டும் திரைக்கு வந்தது.

மலேசியாவில், நம் மூவார் நகரின் ஈரக்காற்றும் படச்சுருளுக்குப் பகை. வீட்டில் பழைய சுருள் இருந்து, சிதைவைக் காட்டும் வினிகர் வாடை அடித்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.